மூச்சு பட்டால் கரையும் ஓவியம்

பல்கேரியாவின் கசன்லக் நகரில் ஒரு கல்லறை இருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோரைப் பக்கத்தில் கட்டிவைத்திருக்கும் நகலுக்குள்தான் அனுப்புகிறார்கள். காரணம், நம் மூச்சுக்காற்று.

1944-இல் குழி தோண்டிய சிப்பாய்கள் தற்செயலாகக் கண்டது இது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், அந்தப் பகுதியில் வாழ்ந்த பழங்குடிகளான திரேசிய மக்கள் கட்டியது. சின்ன முன்னறை, குறுகலான நடை, அப்புறம் வட்டமான சவ அறை. விட்டம் 2.65 மீட்டர்தான், நாலு பேர் நின்றால் நெருக்கியடிக்கும். சுட்ட செங்கலை வட்டம் வட்டமாக, மேலே போகப்போக உள்வாங்கி அடுக்கியிருப்பதால், கூரை நெற்குதிர் போலக் குவிந்து நிற்கிறது. வட்டத்தில் ஒரு செங்கல் உள்ளே சரியப் பார்த்தால் இரு பக்கத்துச் செங்கற்களும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அந்த வளைவில்தான் ஓவியம். விருந்து மேசையின் முன் ஓர் ஆணும் பெண்ணும். அவர் அவள் கையைப் பற்றியிருக்கிறார். அவளுக்கு வெளிறிய முகம், சற்றே கவிழ்ந்த தலை. இது ஈமவிருந்தா, திருமண விருந்தா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்தக் கவிழ்ந்த தலை பிரிவையே சொல்கிறது.

சரி, வண்ணம் எப்படி 2,300 ஆண்டு நின்றது? சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். அதை நீற்றிச் சாந்தாகப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப இழுத்து மறுபடி கல்லாகிவிடும். ஈரம் காயும் முன் தீட்டிய நிறம் அந்தப் படிகத்துக்குள் சிக்கிக்கொள்ளும்; பசையே வேண்டாம். ஆனால் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறமாக இருக்க வேண்டும். இங்கே முக்கியமாக நான்குதான்: கருப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை. சில இடங்களில் பசை கலந்த வண்ணமும் உண்டு. பசையைப் பூஞ்சை விடாது என்பது தனித் தலைவலி.

வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம், நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம், கூடவே ஈரப்பதம். குளிர்ந்த சுவரில் அந்த ஈரம் துளிர்க்கும்போது வாயு அதில் கரைந்து மென்மையான அமிலமாகிறது. சுவரைக் கல்லாக்கிய வாயுவே இப்போது அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. நீர் உலர்ந்ததும் கரைந்த சுண்ணாம்பு வெள்ளைப் படலமாக ஓவியத்தின் மேல் படியும். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒன்று படிந்தால் சுரண்டியெடுப்பது பெரும்பாடு: படலமும், நிறத்தைப் பிடித்துவைத்திருக்கும் சாந்தும் ஒரே பொருள்.