நிறுவல் பக்கம் தானாகவே கெட்டுப்போகும்

சென்ற வாரம் ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கோரிக்கை, வந்தது. எங்கள் சாஃப்ட்வேரை எப்படி நிறுவுவது என்று சொல்லும் நிறுவல் பக்கத்தில், டெபியன் என்ற லினக்ஸுக்கான பகுதியில் ஒரே ஒரு மாற்றம்: பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் இன்ஸ்டால் கட்டளையின் கடைசியில் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஃபிளாக் (கட்டளையோடு சேர்க்கும் கூடுதல் சொல்). "இதைப் போட்டால்தான் ஓடுகிறது, டாக்குமென்ட்டில் இல்லாததால் அரை நாள் போய்விட்டது" என்று கீழே ஒரு குறிப்பு. இந்த மாதத்தில் இது நான்காவது. சிஸ்டம் பேக்கேஜ்களை உடை என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அதைப் புதிதாக வருகிற எல்லாருக்கும் நாமே எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

அனுப்பியவர் மேல் கோபமில்லை. எரர் வந்தது, தேடினார், கிடைத்ததைப் போட்டார். எனக்குக் கோபம் வந்தது இதை எங்கள் குழுவில் எடுத்துப் பேசியபோது ஒருவர் கேட்ட கேள்வியில்: "நம்ம இன்ஸ்டாலர் ரெண்டு வருஷமா மாறவே இல்லையே, அப்புறம் டாக் எப்படித் தப்பாகும்?"

இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சரி, ஒரு முறை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவல் பக்கத்தில் உங்கள் சாஃப்ட்வேரைப் பற்றி இருப்பது ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. மற்றதெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சமாச்சாரம். பைத்தான் எங்கே இருக்கிறது, எந்த ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) திறக்கிறது, பேக்கேஜ்களைச் சரிபார்க்கும் சாவிக் கோப்பை எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும், யார் எதைத் தடுக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பவர்கள் உங்களைக் கேட்டுக்கொண்டு மாற்றுவதில்லை. நீங்கள் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் இருந்தாலும் பக்கம் தப்பாகிவிடும். 2023-இல் டெபியன் 12 வந்தபோது, சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் போடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அந்த நாள் வரை சரியாக இருந்த எங்கள் வரி அன்றிலிருந்து வெறும் எரர்.

மேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் கேட்டலினா வந்தபோது புதுக் கணக்குகளுக்கு இயல்பான ஷெல் பாஷிலிருந்து இசட்ஷெல்லுக்கு மாறியது. பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ் ப்ரொஃபைல் கோப்பில் இந்த வரியைச் சேர்க்கவும் என்று எழுதியிருந்த பக்கங்கள் எல்லாம் அன்றோடு பொய். சேர்க்கிறார்கள், சேமிக்கிறார்கள், எதுவும் நடப்பதில்லை, எரர்கூட வருவதில்லை. அடுத்த வருடமே எம்1 சிப். இன்டெல் மேக்கில் யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரில் உட்கார்ந்திருந்த, மற்ற சாஃப்ட்வேர்களை நிறுவித் தரும் ஹோம்ப்ரூ, புதிய மேக்குகளில் ஓபிடி ஃபோல்டருக்குக் குடிபோனது. 2022-இல் 12.3 பதிப்போடு மேக்கில் கூடவே வந்துகொண்டிருந்த பைத்தான் 2 போனது. 2024-இல் செக்கோயா வந்ததும், ஆப்பிளிடம் நோட்டரைஸ் செய்யாத, அதாவது அவர்கள் சோதித்து ஒப்புதல் தராத, ஆப்பைக் கன்ட்ரோல் கிளிக் செய்து திறக்கும் வழியும் அடைபட்டது, இப்போது செட்டிங்ஸுக்குள் பிரைவசி பகுதிக்குப் போய் அனுமதிக்க வேண்டும். ஐந்து வருடத்தில் இத்தனை, அதுவும் ஒரே ஒரு இயங்குதளத்தில்! இன்ஸ்டாலர் மாறவில்லையாம்.

விண்டோஸ் பகுதியைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். பெரும்பாலான பக்கங்களில் அதை எழுதியவர் விண்டோஸைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார், லினக்ஸ் கட்டளைகளை அப்படியே ஒட்டியிருப்பார். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில், இணையத்திலிருந்து கோப்பை இறக்க 'கர்ல்' என்று அடித்தால் ஓடுவது கர்ல் இல்லை, இன்வோக் வெப்ரிக்வெஸ்ட் என்ற வேறொரு கட்டளைக்கு வைத்த மாற்றுப்பெயர். அது கர்லின் ஃபிளாக்குகளைப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கும். பைத்தான் இல்லாத கணினியில் 'பைத்தான்' என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். பாத்தை (கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்ற பட்டியலை) மாற்றிய பிறகு புது டெர்மினலைத் திறக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியம் இல்லாததால் எத்தனை பேர் மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறார்கள் தெரியுமா?

ஒரு முறை பயனர் ஒருவரிடம் திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் கட்டளைக்கு முன்னால் இருந்த டாலர் குறியையும் சேர்த்துக் காப்பி செய்து ஒட்டினார், 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தது. குறியை எடுக்கச் சொன்னேன். இந்த முறை வேறு எரர். யாரோ வேர்ட் கோப்பில் எழுதி இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார், இரண்டு சின்னக் கோடுகள் ஒரே நீளக் கோடாக மாறியிருந்தன. கண்ணுக்குத் தெரியாது, ஷெல்லுக்குத் தெரியும். அந்த மனிதர் கடைசிவரை "என் தப்புதான் சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

ஆகவே, தயவுசெய்து: டாலர் குறியைப் போடாதீர்கள். ஒரு பெட்டிக்கு ஒரு கட்டளை. "மற்ற லினக்ஸ்களிலும் இதேபோல் செய்யவும்" என்று எழுதவே எழுதாதீர்கள். உபுண்டுவுக்கு எழுதிய ரெப்போ வரியை, அதாவது பேக்கேஜ்களை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் வரியை, இன்னொரு லினக்ஸான மின்ட்டில் ஓட்டினால், அது பதிப்பின் பெயரைக் கேட்டு மின்ட்டின் பெயரை வாங்கிக்கொண்டு போய் 'அப்படி எதுவும் இல்லை' என்ற 404-இல் முட்டிக்கொள்ளும். ஒவ்வொரு இயங்குதளப் பகுதிக்கும் மேலே எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில், யார் ஓட்டிப் பார்த்தார் என்று எழுதுங்கள். யாரும் ஓட்டிப் பார்க்காத பகுதியைத் தூக்கிவிடுங்கள். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, இன்னும் எத்தனை பக்கங்களில் அதுதான் முதல் தலைப்பு!

ஓட்டிப் பார்ப்பது என்றால் உங்கள் சொந்த லேப்டாப்பில் இல்லை. அதில் நாலு வருடமாக நீங்கள் போட்டுவைத்த எல்லாம் இருக்கிறது, எதை விட்டீர்கள் என்று அது காட்டிக்கொடுக்காது. புதிதாக எழுப்பிய விர்ச்சுவல் மெஷின், பக்கத்திலிருந்து காப்பி, ஒட்டு, அவ்வளவுதான். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் சோதனை ஓட்டத்துக்கு மூன்று இயங்குதளங்களும் கிடைக்கின்றன, அதில் தானாக ஓடவிடுவது நல்லதுதான், ஆனால் அந்த மெஷின்களில் ஏகப்பட்ட கருவிகள் ஏற்கெனவே நிறுவியிருக்கும் என்பதை மறக்காதீர்கள், அங்கே பச்சை விழுந்தாலும் பயனரிடம் சிவப்பு விழலாம். டாக்கர் கன்டெய்னர் என்ற குட்டித் தனிச்சூழலில் வேறு கதை, அதன் டெபியன் இமேஜில் நிர்வாகி அனுமதியோடு கட்டளையை ஓட்டும் சூடோவே இருக்காது.

அந்தப் புல் ரிக்வெஸ்ட்டை நான் மூடவில்லை. ஃபிளாக்கை எடுத்துவிட்டு, தனியாக ஒரு வெனவ் (சிஸ்டத்தின் பைத்தானைத் தொடாத தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி அதற்குள் நிறுவும் இரண்டு வரிகளைப் போட்டேன், என் மெஷினில் ஓடியது, அனுப்பியவரையே புது டெபியனில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. முதல் வரியிலேயே எரர். டெபியனில் வெனவுக்கான பேக்கேஜ் தனி, அதை டெபியனின் நிறுவும் கருவியான ஏபிடியில் முதலில் போட வேண்டும். என் மெஷினில் அது எப்போதிலிருந்து இருக்கிறது என்று எனக்கே நினைவில்லை.