ஸ்டைலை முதலில் முடிவுசெய்யாதீர்கள்

ஓவியம் பழகுபவர்களின் போர்ட்ஃபோலியோ பார்த்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் பாதி. இப்போதெல்லாம் படத்தை விரிப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிடுகிறது: "எனக்குன்னு ஒரு ஸ்டைல் இன்னும் அமையலை. எதைப் பிடிச்சுக்கலாம்?" அண்மையில் ஒருவர் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார். எல்லாப் படத்திலும் நீண்ட கழுத்து, மூடிய கண்கள், தங்க நிறப் பின்னணி. ஏன் கண்கள் மூடியிருக்கின்றன என்று கேட்டால், "அதுதான் என் அடையாளம்" என்கிறார். கண் வரைய வராததால் மூடியிருக்கிறது என்பது இரண்டாவது படத்திலேயே தெரிந்துவிட்டது. திறந்த கண்களாக வரைந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

பாணியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. எதை வரைவது, எதை விட்டுவிடுவது, எங்கே நிறுத்துவது, இவற்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அப்படி எடுத்த முடிவுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகு, பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு சாயல் தட்டுப்படும். வரைந்தவருக்கு அது பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும்.

சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள் என்றதும் டச்சு ஓவியர் மோந்திரியான் நினைவுக்கு வருவார். 1872இல் பிறந்தவர்; அந்தக் கட்டங்களுக்கு வந்து சேரும்போது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. அதற்கு முன் ஆறு, காற்றாலை, மரம் என்று வரைந்து தள்ளியிருக்கிறார். அவருடைய மரங்களைக் கால வரிசைப்படி வைத்துப் பாருங்கள்: கிளைகள் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வெறும் கோடுகளாகிக்கொண்டு வரும். நம் சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் பிறந்தவர். அவர் பெயரோடு சேர்ந்துவிட்ட 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையை 1960களில்தான் தொடங்கினார். உங்களுக்கு இருபத்திரண்டு வயதில் என்ன அவசரம்?

இன்னொரு பயம், மற்றவர் படத்தைப் பார்த்தால் நம் தனித்தன்மை போய்விடும் என்பது. டச்சு ஓவியர் வான்கோ 1887இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் அச்சுப் படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பிறகு பிரெஞ்சு ஓவியர் மியேயின் படங்களின் கறுப்பு வெள்ளை அச்சுகளை வைத்துக்கொண்டு, வண்ணத்தைத் தானே கூட்டி வரைந்தார். அப்படியும் அவற்றைப் பார்த்தவுடனே வான்கோ என்று சொல்லிவிடலாம். நகலெடுங்கள், மூலத்திலிருந்து உங்கள் கை எங்கே விலகுகிறது என்று குறித்துவையுங்கள். ஒருவரையே பிடித்துக்கொள்ளாமல் பலரை எடுங்கள். இன்னொருவர் படத்தைத் தன் பெயரில் விற்பது வேறு. அதற்குத் திருட்டு என்று பெயர்.

அப்புறம், விருப்பக்குறி குவிந்த படத்தையே திரும்பத் திரும்ப வரையாதீர்கள். முப்பது நாளில் உங்கள் பாணி என்று யாராவது வகுப்பு எடுத்தால் பணம் கட்டாதீர்கள். ஒரு மாதம் ஒரே ஒரு பேனாவை வைத்துக்கொண்டு வரையுங்கள். கருவியை மாற்றிக்கொண்டே இருந்தால் குறை கையில் இருக்கிறதா, பிரஷ்ஷில் இருக்கிறதா என்றே தெரியாது. பழைய படங்களைத் தயவுசெய்து கிழிக்காதீர்கள். பின்பக்கம் பென்சிலால் தேதி போட்டு வையுங்கள். (பத்துப் பேரில் ஒன்பது பேர் போடுவதில்லை. கேட்டால் ஞாபகம் இருக்கும் என்கிறார்கள். இருக்காது.) அவ்வப்போது எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நீங்கள் திட்டமிடாமலே எது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று பாருங்கள்: காலியாக விட்ட மூலையா, முதுகு காட்டும் உருவமா, மங்கிய பச்சையா? அதைத் தொடர்ந்து போங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவரிடம் "உன் ஸ்டைல் எங்கே?" என்று கேட்காதீர்கள். கேட்டால், பாவம், ஒரே வாரத்தில் ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்துவிடுவார். அதைக் கைவிட வைக்க அப்புறம் வருடக்கணக்கில் ஆகிறது.