மஞ்சப்பைல வந்த கேசட்டும் செத்துப்போன செல்போனும்

போன ஐப்பசி மழைல ஏற்காட்டுல இருந்து ஒரு அம்மா பஸ் ஏறி கடைக்கு வந்தாங்க, கூட காலேஜ் படிக்கிற பொண்ணு. கைல ஜவுளிக்கடை மஞ்சப்பை. அப்படியே மேசை மேல கவுத்தாங்க. ரெண்டு வீடியோ கேசட், ஒரு ஆடியோ கேசட், ஃப்ரேம் போட்ட கருப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு, மார்க்கர்ல "கிரகப்பிரவேசம் 2011"னு எழுதுன டிவிடி, ஆன் ஆகாத ஒரு செல்போன். "எங்கப்பா போய் ஆறு வருஷம் ஆச்சுங்ணா, அவரு குரல் இதுல எதுலயாச்சும் இருந்தா எடுத்துக் குடுங்க"ன்னாங்க.

எனக்கு சேலத்துல அஞ்சு ரோட்டுக்கு பக்கத்துல கடை. 1998ல வீடியோ மிக்ஸிங்குக்கு எடுபிடியா சேந்தேன், இப்ப பழைய கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுக்கறதுதான் பாதி பொழப்பு. இத்தன வருஷத்துல நான் பாத்தது என்னன்னா, சாமான் புதுசாக ஆக அதோட ஆயுசு கொறைஞ்சுகிட்டே வருது, ஆனா ஜனங்க நெனைக்கிறது நேர் எதிரா இருக்கு, செல்போன்ல இருந்தா பத்திரம், பரண்ல இருக்கறதெல்லாம் குப்பைன்னு.

அந்தப் பைலயே பாருங்க. நல்லா இருந்தது அந்த தாத்தா பாட்டி கல்யாண போட்டோதான், அறுவது வருஷத்துக்கு மேல ஆனது. ஓரத்துல மட்டும் லேசா கண்ணாடி மாதிரி மினுக்குச்சு. கருப்பு வெள்ளை போட்டோல அந்தக் கருப்பு இருக்கே, அது வெள்ளிங்க. நெஜமான வெள்ளி, பொடியா. கொலுசுப் பட்டறை ஊர்க்காரங்களுக்கு இத சொல்லணுமா, போட்டு வெச்ச கொலுசு எப்படி காத்து பட்டு நெறம் மாறுதோ அதே சங்கதிதான் அந்த ஓரத்துல நடக்குது. ஆனா படம் நிக்கும். அதுக்கப்புறம் வந்த கலர் போட்டோவுல வெள்ளி இல்ல, சாயம்தான், அதனாலதான் உங்க வீட்டு எண்பதுகளோட போட்டோ எல்லாம் செவப்பா போயிருக்கும். நீலம் கலந்த சாயம் மொதல்ல போயிடும், மிச்சம் நிக்கறது செவப்பு.

இந்த போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. ஏற்காட்டு ஈரம் அப்படி. அந்த பொண்ணு நகத்தால பிரிக்கப் போச்சு, நான் கத்திட்டேன். பிரிச்சா மூஞ்சி கண்ணாடியோட வந்துரும். ஒட்டுனத ஒட்டுனபடியே கண்ணாடி மேலயே ஸ்கேன் பண்ணிக்கலாம், யாரும் வீட்டுல தண்ணி தொட்டு உரிக்காதீங்க. பழைய போட்டோவ லேமினேஷனும் போடாதீங்க, கெட்டா திரும்ப பிரிக்க முடியாது.

வீடியோ கேசட்டுக்கு வர்றேன். மூடியோட ஜன்னல் வழியா பாத்தா நாடாச் சுருள் மேல அரிசி மாவு தூவுன மாதிரி வெள்ளையா இருந்துச்சு. பூஞ்சை. இந்த மாதிரி கேசட்ட "ஓடுதான்னு பாப்போம்"னு டெக்குல, அதான் வீடியோ கேசட் ஓட்டற பெட்டில, போடறவங்கதான் அதிகம், நானே போட்டிருக்கேன், கடை தொறந்த புதுசுல ஒருத்தரோட அக்கா கல்யாண கேசட்ட அப்படியே தள்ளினேன், பத்து செகண்டு ஓடுச்சு, அப்புறம் கரகரன்னு ஒரு சத்தம், வெளிய எடுத்தா நாடா கொத்தா கசங்கி ரெண்டா அந்து வந்துச்சு. டெக்குக்குள்ள நாடால இருக்கற படத்த படிக்கற உருளை, ஹெட்டு டிரம், நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்துது, நாடா அத ஒட்டி தேய்ச்சுகிட்டு போகணும், பூஞ்சை இருந்தா ஒட்டிக்கும், இழுக்கும், அவ்ளோதான். அவரு ஒரு வார்த்த திட்டல. அதுதான் இன்னும் உறுத்துது. அந்த பூஞ்சை டெக்குலயும் ஒட்டி அடுத்தவங்க கேசட்டுக்கும் போகும், அது வேற.

இப்ப நான் பண்றது இப்படி. கேசட்ட குப்புற போட்டா அஞ்சு ஸ்க்ரூ இருக்கும். கழட்டி, மாஸ்க் போட்டுகிட்டு சுருள வெளிய எடுத்து, நல்லா காய விட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணில மெதுவா சுத்தி சுத்தி துடைச்சு, வேற நல்ல கூட்டுக்குள்ள மாத்தி, அப்புறம்தான் டெக்கு. இந்த ரெண்டு கேசட்டுக்கு மூணு நாள் ஆச்சு. புது டெக்கும் இனி கெடைக்காதுங்க, கடைசியா செஞ்சுகிட்டிருந்த ஜப்பான் ஃபுனாய் கம்பெனி 2016லயே நிறுத்திட்டாங்க. என்கிட்ட அஞ்சு டெக்கு இருக்கு, ஓடறது ரெண்டு, மத்த மூணும் ஸ்பேருக்கு.

கேசட் ஓடுச்சு. பந்தல், சீர்வரிச தட்டு, வீடியோ லைட்டுல கண்ணு கூசற சொந்தக்காரங்க, அந்த அம்மாவோட அப்பா சால்வையோட நின்னு யாரையோ பாத்து சிரிச்சு பேசறாரு. வாய் அசையுது. சத்தம்? சினிமாப்பாட்டு. மொத்த கேசட்டும் பாட்டு. இது எங்க தொழில் செஞ்ச பாவம், அந்தக் காலத்துல மிக்ஸிங்னா அதுதான், ஒரிஜினல் சத்தத்த எடுத்துட்டு தாலி கட்றதுக்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டுன்னு ஏத்தறது, நானே எத்தன அப்பா அம்மா குரல அழிச்சிருப்பேனோ. அதனால உங்க வீட்டுல மிக்ஸிங் பண்ணாத மூல கேசட் தனியா இருந்தா அதத்தான் மொதல்ல எடுத்துட்டு வாங்க, அது அழுக்கா பேரு கூட எழுதாம கெடக்கும்.

டிவிடி சீக்கிரம் முடிஞ்சுது. பாதிக்கு மேல படிக்கல. வீட்டுல எழுதுன டிவிடி, சிடி பெரும்பாலும் உள்ள சாயப் பூச்சுதான், வெயில்லயும் சூட்டுலயும் போயிரும். ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, சிடில அடிப்பக்கத்த விட பேரு எழுதற பக்கம்தான் மென்மையானது, மினுக்குற பூச்சு அதுக்கு நேரா கீழ இருக்கு, அங்க கீறுனா போச்சு.

செல்போன் அப்பாவோடது. பொண்ணு சொல்லுச்சு, "தாத்தா நெறைய வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாரு அங்கிள், அதுல இருக்கும்". பக்கத்து சர்வீஸ்காரர்கிட்ட குடுத்தோம், போர்டே போயிருச்சுன்னாரு. மெமரிய மட்டும் கழட்டி படிக்கலாமான்னா இந்த மாதிரி போன்ல உள்ள இருக்கறது பூட்டுப் போட்ட நெலமைல இருக்கும், சாவி செத்த போர்டோடவே போச்சு. அக்கவுண்ட்டுக்குள்ள போகலாம்னா பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, ஓடிபி வர்ற சிம்ம ரீசார்ஜ் பண்ணாம விட்டு நம்பரும் போயிருச்சு.

இதத்தான் நான் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன், வீட்டுல பெரியவங்க யாராச்சும் தவறிட்டா, காரியம் முடிஞ்ச கையோட அந்த போன்ல இருக்கறத ஹார்ட் டிஸ்க்குல எடுத்து வைங்க, எடுக்கற வரைக்கும் அந்த சிம்ம சாக விடாதீங்க. கூகுள் அக்கவுண்ட்டு ரெண்டு வருஷம் யாரும் தொடாம இருந்தா அழிக்கலாம்னு ரூலே இருக்கு, 2023 டிசம்பர்ல இருந்து நடைமுறைல இருக்கு. அதே கூகுள் போட்டோஸ்ல 2021 ஜூன் வரைக்கும் எவ்ளோ வேணா இலவசமா ஏத்தலாம்னு இருந்துச்சு, அதுக்கப்புறம் 15 ஜிபி தாண்டுனா காசு, நெறைய பேருக்கு பேக்கப் நின்னுபோனதே தெரியாது. வாட்ஸப்ல போட்டோவா அனுப்புனா சுருக்கித்தான் போகும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க. பென் டிரைவுல போட்டு பீரோல வெச்சுட்டேன்னு நிம்மதியா இருக்காதீங்க, அத வருஷக்கணக்கா தொடாம விட்டா நம்ப முடியாது. ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒண்ணு உங்க வீட்டுல, இன்னொண்ணு வேற ஊர்ல இருக்கற அண்ணன் தம்பி வீட்டுல. ஹார்ட் டிஸ்க்குல டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே கழட்டிடுங்க, திரும்பத் திரும்ப சொருகிப் பாக்காதீங்க.

இதெல்லாம் வீட்டு சமாச்சாரம்னு நெனைக்காதீங்க. நம்ம ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கற பழைய சினிமா ஸ்டூடியோவோட ஆர்ச் இன்னும் நிக்குது, மலையாளத்தோட மொத பேசும் படம் 1938ல அங்கதான் எடுத்தாங்க. ஆர்ச் இருக்கு, அந்தப் படத்தோட பிரிண்ட் ஒண்ணு கூட இல்ல.

சரி, மிச்சம் அந்த ஆடியோ கேசட். மேல சாமி பாட்டு லேபிள். நான் அசட்டையாத்தான் போட்டேன், சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வந்துச்சு. நாடாவ ஹெட்டோட அழுத்தற குட்டி பஞ்சு பேடு ஒண்ணு இருக்கும், கோந்து காஞ்சு அது விழுந்து கெடந்துச்சு, வேற கேசட்ல இருந்து எடுத்து ஒட்டி திரும்ப போட்டேன். ரெண்டு பாட்டு. மூணாவது பாட்டு நடுவுல டக்குனு நின்னு, தகரக் கூரைல மழை விழற சத்தம், அப்புறம் ஒரு ஆம்பளக் குரல், "பேசலாமா? செவப்பு லைட்டு எரியுதா?"

துபாய்ல இருந்த மகனுக்கு அனுப்பறதுக்காக பேசிருக்காரு, போன் செலவு கட்டுபடியாகாத காலம். காப்பி வெலை, மொளகு இந்த வருஷம் காய்ப்பு பரவால்ல, நாய் குட்டி போட்டிருக்கு, அம்மாவுக்கு முட்டி வலி. நாலு நிமிஷம் சொச்சம். அனுப்பாமயே விட்டுட்டாரு போல. அந்த அம்மா ஸ்டூல்ல உக்காந்து மூணு தடவ கேட்டாங்க, மூணாவது தடவ "நாய்க்கு பேரு மணிங்ணா"ன்னு என்கிட்ட சொன்னாங்க.

ரெண்டு காப்பி போட்டுக் குடுத்தேன், ஒண்ணு அம்மாபேட்டைல இருக்கற தம்பி வீட்டுக்குன்னு சொல்லி. ஆடியோ கேசட்டு முதுகுல இருக்கற ரெண்டு குட்டி ப்ளாஸ்டிக் நாக்கையும் ஒடைச்சு விட்டேன், இனி யாரும் தெரியாம மேல ரெக்கார்ட் பண்ண முடியாது. பூஞ்சை புடிச்ச ரெண்டு கூட்டையும் குப்பைல போடப் போனேன், அந்த அம்மா அதையும் வாங்கி தனி கவர்ல கட்டிக்கிட்டாங்க.