விஎன்சி பாஸ்வேர்டை நம்பி சர்வரை திறந்து வைக்காதீங்க

காலேஜ் லேப், ரிசர்ச் சென்டர், சிப் டிசைன் ஆபீஸ்னு எங்க போனாலும் இதே கதைதான். பெரிய லினக்ஸ் சர்வர் ஒண்ணு ஏசி ரூம்ல ஓடிட்டு இருக்கும், புதுசா சேர்ற பசங்களுக்கு அதுல அக்கவுண்ட் வேணும், வெறும் டெர்மினல் பத்தாது, மவுஸ் புடிச்சு லேஅவுட் வரையணும், அதனால சர்வரோட டெஸ்க்டாப்பை தூரத்துல இருந்தே தங்களோட கம்ப்யூட்டர்ல பாத்து வேலை செய்ய விடற சாஃப்ட்வேரைக் கேட்டு, "சார், விஎன்சி போட்டுக் குடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. அட்மினும் அவசரத்துல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி, ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி, போர்ட் நம்பரை துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்து அனுப்பிடுவார். எல்லாம் ஓடும், அதனாலயே யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

இங்க ரெண்டு பாஸ்வேர்டு இருக்குங்க. யூனிக்ஸ் லாகினுக்கு ஒண்ணு, விஎன்சிக்குன்னு தனியா ஒண்ணு. இந்த ரெண்டாவது ஆளை நம்பவே கூடாது. பழைய விஎன்சி முறையில அது முதல் 8 எழுத்தை மட்டும்தான் பாக்கும், நீங்க கஷ்டப்பட்டு 20 எழுத்துல வச்சாலும் மிச்சம் 12 சும்மா. அது போய் உக்கார்ற ஃபைல் இருக்கே, அதுல பாஸ்வேர்டை மறைச்சு வச்ச மாதிரி இருக்கும், ஆனா மறைக்கிற சாவி உலகத்துல எல்லா இன்ஸ்டலேஷனுக்கும் ஒரே சாவி, எல்லாருக்கும் தெரிஞ்ச சாவி. ஃபைல் கையில கிடைச்சா அப்படியே திருப்பி எடுத்துடலாம். அதனால அந்த ஃபைலோட பர்மிஷன் 600ல, அதாவது உங்களால மட்டும் படிக்க, எழுத முடியற மாதிரி இருக்கான்னு பாருங்க, முக்கியமா லாகின் பாஸ்வேர்டையே இங்கயும் வைக்காதீங்க. ஞாபகம் வச்சுக்க ஈஸின்னு முக்கால்வாசிப் பேர் அதைத்தான் பண்றாங்க.

விஎன்சியை குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல, 1990கள்ல கேம்பிரிட்ஜ்ல ஒலிவெட்டியோட ஆராய்ச்சி லேப்ல பொறந்தது அது, இன்னைக்கு இருக்கிற இன்டர்நெட்டுக்கு நேரா திறந்து வைக்கிறதுக்குன்னு யாரும் பண்ணல. பழைய முறையில ஸ்கிரீன்ல ஓடறது, நீங்க டைப் பண்றது எதுவுமே என்கிரிப்ட் ஆகாது. இப்போதைய டைகர்விஎன்சிங்கிற விஎன்சி வகையில டிஎல்எஸ்ங்கிற என்கிரிப்ஷன் இருக்கு, ஆனா எதிர்முனைல டெஸ்க்டாப்பைக் காட்டற வியூவரும் அதுக்கு ஒத்து வரணும்.

அதனால வழி ஒண்ணுதான், எஸ்எஸ்ஹெச் டனல், அதாவது சர்வருக்குள்ள என்கிரிப்ட் பண்ணி லாகின் ஆகற எஸ்எஸ்ஹெச் வழியாவே விஎன்சியையும் அனுப்பறது. எஸ்எஸ்ஹெச்சே 1995ல ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல எவனோ நெட்வொர்க்ல உக்காந்து பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதுக்கு அப்புறம் டாட்டு யுலோனென் எழுதினதுதான். விஎன்சி சர்வரை லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும், அதாவது அந்த மெஷினுக்குள்ள இருந்து வர்ற இணைப்பை மட்டும் கேக்கற மாதிரி ஸ்டார்ட் பண்ணுங்க. ஒவ்வொரு விஎன்சி டெஸ்க்டாப்புக்கும் ஒரு டிஸ்ப்ளே நம்பர் இருக்கும், டிஸ்ப்ளே 1னா போர்ட் 5901, 2னா 5902, அவ்வளவுதான் கணக்கு. உங்க லேப்டாப்போட 5901ஐ சர்வரோட 5901க்கு டனல்ல இழுத்துட்டு, வியூவர்ல லோக்கல்ஹோஸ்ட்:1னு குடுத்தா டெஸ்க்டாப் வந்துடும். ஃபயர்வால்ல எஸ்எஸ்ஹெச் போர்ட் மட்டும் திறந்திருந்தா போதும்.

டனல் வந்துடுச்சே, இனி விஎன்சி பாஸ்வேர்டு எதுக்குன்னு அதை எடுத்துடறவங்களும் இருக்காங்க. பொது சர்வர்ல லோக்கல்ஹோஸ்ட்னா நீங்க மட்டும் இல்ல சாமி, அந்த மெஷின்ல லாகின் பண்ணியிருக்கிற அத்தனை பேருக்கும் அதே லோக்கல்ஹோஸ்ட்தான். பாஸ்வேர்டு இல்லாத செஷனுக்குள்ள பக்கத்து சீட் ஆள் வந்து உங்க ஃபைலை உங்க பேர்லயே அழிச்சுட்டுப் போகலாம். இது தெரிஞ்சுதான் இன்னொரு பழக்கத்தையும் கடுமையா எதிர்க்கிறேன், லேபுக்கே ஒரு பொது அக்கவுண்ட், பத்து பேரும் அதுல. லாக் ஃபைலைத் திறந்து பாத்தா பத்து பேருக்கும் ஒரே பேர், யாரைன்னு கேப்பீங்க?

அடுத்து தினமும் வர்ற புகார், "சார் கருப்பு ஸ்கிரீன்தான் வருது". சர்வர் மேல பழி போடறதுக்கு முன்னாடி ஹோம் டைரக்டரியைப் பாருங்க. உங்களுக்கு ஒதுக்கின டிஸ்க் இடம், அதாவது கோட்டா நிரம்பிப் போயிருந்தா, ஸ்கிரீனை வரையற எக்ஸ் சர்வரோட அனுமதி ஃபைலைக்கூட எழுத முடியாம செஷன் நின்னுடும். இல்லைன்னா பையன் நேத்து பைத்தான் தொகுப்பான அனகோண்டா போட்டிருப்பான், அது பாஷ் ஷெல்லோட செட்டிங்ஸ் ஃபைல்ல புகுந்து, புரோகிராமை எங்க தேடணும்னு சொல்ற பாத்தை மாத்தியிருக்கும், டெஸ்க்டாப் கிளம்பும்போது புரோகிராம்கள் ஒண்ணோட ஒண்ணு பேச உதவற சிஸ்டத்தோட டிபஸ்ஸுக்கு பதிலா அனகோண்டாவுக்குள்ள இருக்கிற டிபஸ் மாட்டும். அந்த வரிகளை கமெண்ட் பண்ணிட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணா பெரும்பாலும் சரியாயிடும். வெறும் சாம்பல் ஸ்கிரீனும் பெருக்கல் குறி கர்சரும் மட்டும் வந்தா ஸ்டார்ட்அப் ஃபைல்ல டெஸ்க்டாப்பைக் கூப்பிடற வரி இல்ல, இல்ல அந்த ஃபைலுக்கு எக்ஸிக்யூட் பர்மிஷன் இல்ல.

வியூவரை மூடினா செஷன் மூடாது, இதையும் புதுசா வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க. ராத்திரி வேலையை ஓட விட்டுட்டுப் போக அது வசதிதான். ஆனா ஒருத்தர் வேலையை விட்டுப் போகும்போது அட்மின்கள் பாஸ்வேர்டை மட்டும் லாக் பண்ணிட்டு முடிஞ்சுதுன்னு உக்காந்துடறாங்க. லினக்ஸ்ல பாஸ்வேர்டை லாக் பண்ணாலும் பாஸ்வேர்டுக்கு பதிலா ஃபைலா வச்சிருக்கிற எஸ்எஸ்ஹெச் கீ வழியா அவர் வழக்கம்போல உள்ள வரலாம், பழைய டெஸ்க்டாப்பும் அதே டிஸ்ப்ளேல ஓடிட்டுத்தான் இருக்கும். அக்கவுண்டையே எக்ஸ்பையர் பண்ணணும், கீ ஃபைலை எடுக்கணும், அந்த யூசரோட பிராசஸ் எல்லாத்தையும் கில் பண்ணணும், குறிச்ச நேரத்துல வேலையை தானா ஓட விடற க்ரான்ல ஏதாவது போட்டு வச்சிருக்காரான்னும் ஒரு தடவை பாத்துடுங்க.