அவசரமில்லாத ஸ்டென்ட்: ஒப்புக்கொள்வதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதிலும் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பக்கம், இதய ரத்தக் குழாய் அடைப்பைக் காட்டும் ஆஞ்சியோகிராம் அறிக்கையோடு வருகிறவர்கள் உட்காரும்போதே கேட்பது, "டாக்டர், 80 சதவீதம் அடைப்பாம், தாங்குமா?" என்றுதான். ஜோகன்னஸ்பர்க்கிலிருக்கும் மகன் போனில், "மெடிக்கல் எய்ட் ஓகே சொல்லிவிட்டது, அடுத்த வாரமே வைத்துவிடலாம்" என்பார். மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, சம்மதித்தது செலவுக்கு. அடைபட்ட குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் தேவையா என்பதை இன்னும் யாரும் பேசவில்லை.

சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி, வியர்வை, நாளுக்கு நாள் கூடிவரும் வலி என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாரடைப்பு நேரத்தில் வைக்கும் ஸ்டென்ட் உயிர் காப்பது. மேடு ஏறினால் வலிக்கிறது, நின்றால் அடங்குகிறது, பல மாதமாக இப்படியேதான் என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டென்ட் வைத்தால் மாரடைப்பு வராது என்று இவர்களில் பலர் நம்புகிறார்கள். 2007இல் வெளியான கரேஜ் ஆய்வில், நல்ல மருந்துகளோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட மரணமோ மாரடைப்போ குறையவில்லை. 5,179 பேரைச் சேர்த்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்விலும் ஏறக்குறைய அதே முடிவுதான். ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறக்கிறது. கொழுப்புப் படிவோ குழாய் நெடுகிலும் இருக்கிறது. இன்று சிறிதாகத் தெரியும் படிவு நாளை வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தாலும் மாரடைப்புதான். அந்தப் படிவுகளையெல்லாம் அடக்கி வைப்பது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடும், சிகரெட்டை விடுவதும்.

வலி குறையுமா? குறையும். மாத்திரை எடுத்தும் வலி அடங்காதவர்களுக்கு ஸ்டென்ட் நல்ல வழி, தயங்க வேண்டாம். இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் தரும் இடது முதன்மைக் குழாயில் அடைப்பு இருந்தாலோ இதயம் பலவீனமாகியிருந்தாலோ கணக்கே வேறு. அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெலும் வழக்கமாக ஆறு மாதம் எடுக்க வேண்டும். தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறவர், ரத்தம் நிற்காதே என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடலாம். மாத்திரையோடு குத்திக்கொண்டாலும் ஆபத்துதான். நேர்த்திக்கடன் இருந்தால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த வருடம் அலகு இல்லாமல் பால்குடம் எடுக்கலாமா என்று குருக்களிடமும் பேசலாம். பல் பிடுங்குவது, ஹெர்னியா ஆபரேஷன் என்று ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், குடும்பத்தார் எல்லோரும் பேசி முடித்தபின் நோயாளியையும் பேசவிடுங்கள். "ஆயா, கடைக்கு நடந்து போனால் வலிக்கிறதா? போன மாதம் எத்தனை தடவை நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தீர்கள்?" என்று நான் கேட்கும்போது, "வலியே இல்லையே, பிள்ளைகள்தான் பயப்படுகிறார்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிப்பட்டவருக்கு மருந்தை ஒழுங்காகக் கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வேன். அதற்குள் வலி வந்தாலோ கூடினாலோ காத்திருக்காமல் அன்றே வர வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவேன்.