ஓர்சீர்த்திடநிலையைச் சமநிலை ஆக்காதீர்கள்

யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்புகளில் கைமாறும் உயிரியல் மீட்டல் நோட்சுகளில் ‘உடற்சமநிலை’ என்ற தலைப்பு இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. பாடநூலில் இருப்பது ‘ஓர்சீர்த்திடநிலை’: வெளியே எது மாறினாலும் உடல் தன் அகச்சூழலை ஒரே சீராகப் பேணுவது. நீளம், வாயில் நுழையாது என்று சொல்லி அதைக் கைவிடுகிறார்கள். பல் மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இங்கே தனி நுழைவுப் பரீட்சை கிடையாது. உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளிதான் (Z-score) வழி. அதற்கான உடற்றொழிலியல் அலகு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே நிற்கிறது. அதன் பெயரையே பிழையாக மனதில் பதிப்பதை எப்படிப் பொறுப்பது?

மூலச்சொல் ஹோமியோஸ்ரேசிஸ். கிரேக்கத்தில் முற்பகுதி ‘ஒத்த’ என்றும் பிற்பகுதி ‘நிற்றல்’ என்றும் பொருள் தரும். அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்ரர் கனன் 1926இல் ஆக்கிய சொல் இது. உடலின் அகச்சூழல் மாறாமல் பேணப்படுகிறது என்ற எண்ணம் அதற்கு முன்பே பிரான்சின் குளோட் பேர்னாட்டிடம் இருந்தது. நம்மவர் ஒரு சீராக, திடமாக நிற்கும் நிலை என்று பிரித்துத் தமிழாக்கினார்கள்.

சமநிலை என்ற சொல் ஏன் பொருந்தாது? சொல்லை ஆக்கியவரே அதற்கு விடை சொல்லியிருக்கிறார். சமநிலைக்குரிய ஆங்கிலச் சொல் எளிய பௌதிக, இரசாயன நிலைகளுக்கு உரியதாகிவிட்டது, உயிருடலில் நடப்பது அதைவிடச் சிக்கலானது என்றுதான் கனன் புதுச்சொல் தேடினார். அவர் வேண்டாமென்று விலக்கியதையே நாம் எடுத்து அவர் சொல்லுக்குப் பெயராக வைக்கிறோம்.

காலையில் இரசாயன வகுப்பில் அதே பிள்ளை சமநிலை என்று படிப்பது எதை? முன்முகத் தாக்கத்தின் வீதமும் பின்முகத் தாக்கத்தின் வீதமும் ஒன்றாகி, தேறிய மாற்றம் நின்றுபோன நிலையை. உயிருள்ள கலம் அந்த நிலைக்குப் போவதில்லை. கலத்துக்கு வெளியே சோடியம் கூட, உள்ளே பொற்றாசியம் கூட. ஏ.ரி.பி. என்ற சக்தி மூலக்கூறு ஒவ்வொன்றையும் செலவழித்து 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி, 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுத்து அந்த வேறுபாட்டைக் கலம் காக்கிறது. இதைச் செய்யும் கலமென்சவ்வுப் பம்பி நின்றால் வேறுபாடு கரைந்து சமநிலை வந்துவிடும். கலமும் இறந்துவிடும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏற்றிய பட்டம் வானில் நிற்பது, நூல் பிடித்தவன் இழுத்தும் விட்டும் கொண்டிருப்பதால். குருதிக் குளுக்கோசு 100 மில்லிலீற்றருக்கு 70 முதல் 110 மில்லிகிராமுக்குள் நிற்பதும் அப்படித்தான்: ஏறினால் குறைக்க இன்சுலின், இறங்கினால் கூட்டக் குளுக்ககன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மூளையின் பின்பகுதியான மூளியின் (cerebellum) தொழிலைக் கேட்டால் ‘உடற்சமநிலை பேணல்’ என்று எழுத வேண்டும். விழாமல் நிற்பதும் நடப்பதும் அது. இரண்டுக்கும் ஒரே பெயரென்றால், ஓர்சீர்த்திடநிலையைக் கவனிக்கும் பரிவகக்கீழின் (hypothalamus) வேலையை மூளிக்குக் கொடுத்து எழுதும் பிள்ளையை எப்படிக் குறை சொல்வது?

‘திடநிலை’ என்றால் திண்மப் பொருளின் நிலையல்லவா என்று கேட்கிறார்கள். அது தமிழ்நாட்டு வழக்கு. அங்கே திடப்பொருள் என்பார்கள். இங்கே திண்மம், திரவம், வாயு என்று படிக்கிறோம். ஆகவே திடம் என்ற சொல் உறுதியைக் குறிக்கத் தாராளமாகக் கிடைக்கிறது. திடம் வடசொல் என்று சொல்பவர்களுக்கு: சமமும் வடசொல்தான். அந்த மாற்றத்தால் தூய்மைக்கு ஒரு இலாபமும் இல்லை, தெளிவுக்கு மட்டும் நட்டம். ‘ஓர்’ மெய்யெழுத்துக்கு முன் வராது, ‘ஒருசீர்’ என்றே வேண்டும் என்பவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஒருசீர்த்திடநிலை என்று திருத்தினால் மகிழ்வேன். திருத்துவது வேறு, தூக்கி எறிவது வேறு.

மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. உடற்றொழிலியலுக்கு அன்று சுகரணம் என்றார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் பார்த்து உழைத்தார்கள். இன்று மொழிபெயர்ப்பவர் பலர் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். ஓமோன் சுரப்பைக் கட்டுப்படுத்தும் பின்னூட்டலை (feedback) கருத்துரை என்று பெயர்த்த ஒரு வினாத்தொகுப்பைக் கண்டேன். இன்சுலின் யாருக்குக் கருத்துச் சொல்கிறது?

பல் மருத்துவம் நாடுபவர்கள் கல்சியத்தை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். உடலின் கல்சியத்தில் ஏறத்தாழ 99 சதவீதம் என்பிலும் பல்லிலும் இருக்கிறது. குருதியிலோ 100 மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவுதான். அது குறைந்தால் பராதைரொயிட் ஓமோன் என்பிலிருந்து கல்சியத்தை விடுவிக்கும், சிறுநீரகத்தில் மீள அகத்துறிஞ்சச் செய்யும். எதற்கு எது சமம் இங்கே? விடையில் ‘குருதிக் கல்சியத்தின் ஓர்சீர்த்திடநிலை பேணல்’ என்று எழுதுங்கள்.