டாலியா: சொல்லும் கிழங்கும்

டாலியா, டேலியா என்று இரண்டு விதமாகவும் இந்தப் பூவின் பெயரை எழுதுகிறார்கள். 'டேலியா' பிரிட்டிஷ் உச்சரிப்பைக் கேட்டு எழுதியது. மூலத்துக்குப் பக்கத்தில் நிற்பது 'டாலியா'தான், ஏனென்றால் இது ஓர் ஆளின் பெயர். ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர், உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசிடம் படித்தவர், 1789இல் 38 வயதிலேயே இறந்துபோனார். மெக்சிகோவிலிருந்து மாட்ரிட் அரச தோட்டத்துக்கு வந்து பூத்திருந்த ஒரு புதுச் செடிக்கு 1791இல் பெயர் வைத்தபோது, ஸ்பெயின் தாவரவியலாளர் அன்டோனியோ ஹோசே கவனில்யெஸ் டாலின் நினைவாக டாலியா என்றார். ஸ்வீடிஷ் மொழியில் 'டால்' என்றால் பள்ளத்தாக்கு. மலைச் சரிவுகளில் வளர்ந்த செடிக்கு இப்படியொரு பெயர் வந்து சேர்ந்தது.

இதே செடிக்கு 'ஜார்ஜினா' என்று இன்னொரு பெயரும் 1803இல் கிளம்பியது. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்டெனோவ் வைத்தது. முதலில் வைத்த பெயரே செல்லும் என்ற விதிப்படி டாலியா நிலைத்தது. ரஷ்யன் போன்ற சில மொழிகளில் இன்றும் ஜார்ஜினாவை ஒட்டிய பெயரே வழங்குகிறது.

ஆனால் இந்த இரண்டு பெயருமே செடியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சொல்வது அதன் பழைய பெயர்தான். மெக்சிகோவின் நஹுவாட்ல் மொழியில் இதை 'அகோகோட்லி' என்றார்கள். 'ஆட்ல்' என்றால் நீர், 'கோகோட்லி' என்றால் குழல் அல்லது தொண்டை. நீர்க்குழல் என்று பொருள். பூவைக் குறிக்கும் 'ஷோசிட்ல்' சேர்த்துச் சொன்னால் நீர்க்குழல் பூ. வளர்ந்த டாலியாத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் உடனே புரியும்: உள்ளே மூங்கில் போலப் பொள்ளல். பல அடி உயரம் போகும் மர டாலியாவின் தண்டு, பார்ப்பதற்கே ஒரு குழாய்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? டகரம் தமிழில் சொல்லுக்கு முதலெழுத்தாக வராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. அதன்படி திருத்தினால் 'இடாலியா' என்றோ 'தாலியா' என்றோ வரும். 'தாலியா' என்று எழுதினால் தாலியோடு கேள்வி கேட்கும் 'ஆ' சேர்ந்த மாதிரி ஒலிக்கிறது, படிப்பவர் தடுக்கி விழுவார். 'இடாலியா' என்று யாரும் வாயால் சொல்வதில்லை. ஆள் பெயரிலிருந்து வந்த பெயரை ஒலி மாறாமல் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பொருள் விளங்கும்படி ஒரு தமிழ்ப்பெயர் வேண்டும் என்றால், பழைய மெக்சிகோப் பெயரைத் தழுவி 'நீர்க்குழல்பூ' என்று சொல்லலாம். இது நான் முன்வைக்கும் சொல், வழக்கில் உள்ளதல்ல.

உண்மையில், தொட்டியில் முதன்முதலாக டாலியா வைக்கிறவருக்குப் பூவின் பெயரைவிட வேறொரு சொல் சரியாக விளங்க வேண்டும். 'கிழங்கு' என்ற சொல். சங்கப் பாடலிலேயே வள்ளிக்கிழங்கு வந்துவிட்டது, அவ்வளவு பழைய சொல். ஆனால் மண்ணுக்குள் பருத்திருக்கும் எல்லாவற்றையும் நாம் கிழங்கு என்றே சொல்லிவிடுவதால், ஒரு முக்கியமான வேறுபாடு மறைந்துபோகிறது. உருளை, தண்டு பருத்து உண்டான தண்டுக்கிழங்கு. அதன் உடம்பெல்லாம் கண், அதாவது முளை கிளம்பும் மொட்டு, இருக்கும். எங்கே வெட்டி நட்டாலும், அந்தத் துண்டில் ஒரு கண் இருந்தால் முளைக்கும். டாலியா வேர்க்கிழங்கு. வேர் பருத்து, நீரையும் உணவையும் சேர்த்து வைத்திருக்கும் பை அது. அதன் உடம்பில் கண்ணே கிடையாது. பழைய தண்டின் அடியும் கிழங்கின் கழுத்தும் சேருகிற விரலகல இடத்தில் மட்டும்தான் கண் இருக்கும்.

இது தெரியாமல் நான் ஒரு பருவத்தையே இழந்தேன். வந்த கிழங்குகளில் பெரியதாகவும் கொழுகொழுவென்றும் இருந்ததைப் பொறுக்கி நட்டேன். இரண்டரை மாதம் கழித்துத் தோண்டியபோது, நட்டது போலவே கெட்டியாக, வழுவழுவென்று, அடியில் நூல் போல நாலைந்து வேர் விட்டுக் கிடந்தது. மேலே ஒன்றுமில்லை. கழுத்து ஒடிந்த கிழங்கு அது. அப்புறம்தான் பழகினேன்: பருமனைப் பார்க்காதே, கழுத்தைப் பார். அங்கே ஊசி முனை அளவில் இளஞ்சிவப்பாகவோ வெளிர்பச்சையாகவோ ஒரு புடைப்பு தெரிந்தால், விரல் அளவுக் கிழங்கும் போதும்.

வேர்க்கிழங்கு ஒரு நீர்ப்பை என்பதில்தான் வெயில் நாட்டு வளர்ப்பின் இரகசியமும் இருக்கிறது. முளைத்து வேர் விடும்வரை அதற்குத் தேவையான ஈரம் அதற்குள்ளேயே உண்டு. வெளியிலிருந்து நாம் ஊற்றுவதைக் குடிக்க வாயே இன்னும் வரவில்லை. சூடான மண்ணில் அந்த நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். மண்ணைக் கிளறினால் தோல் மட்டும் கையில் கழன்று வரும், உள்ளே கூழ். தொட்டிக்கலவை லேசாக ஈரம் காணும்படி இருக்கும்போது நான்கைந்து அங்குல ஆழத்தில் படுக்கவைத்து மூடிவிட்டு, பச்சை முளை மேலே தலைகாட்டும்வரை நீர் விடாமல் இருப்பதே முறை. ஈரம் முழுக்க வற்றித் தூளாகிவிட்டால் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் தெளிக்கலாம். இரண்டு, மூன்று வாரம் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு இருப்பது கஷ்டம்தான். குவளையைத் தூர வைத்துவிடுங்கள்.

முளைத்து இலை விட்டபின் கதை தலைகீழ். அப்போது அது உண்மையிலேயே நீர்க்குழல். நிறையக் குடிக்கும். மேலாக நனைக்காமல், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். நண்பகலில் இலை துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றுவதுதான் அடுத்த தவறு. வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமல், மண்ணில் ஈரம் இருக்கும்போதே இலை துவளும். மாலையில் தானே நிமிர்ந்துவிடும். காலையிலும் துவண்டே இருந்தால்தான் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும்: காய்ந்திருந்தால் நீர், சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது.

மலைச்செடி என்பதை மறக்காமல் இருந்தால் மற்றதெல்லாம் எளிது. பகல் கொஞ்சம் சூடானாலும் தாங்கும், இரவு குளிராவிட்டால்தான் சோர்ந்துபோகும், மொட்டு சிறுக்கும். ஆகவே பூக்கும் காலம் ஆண்டின் குளிர்ந்த மாதங்களில் விழும்படி, நட்டதிலிருந்து சுமார் மூன்று மாதம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு நட வேண்டும். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம், பிற்பகலில் நிழல். தொட்டி குறைந்தது 12 அங்குல அகலமும் அதே ஆழமும் இருக்கட்டும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வேரைச் சுட்டுவிடும், மண்தொட்டி நல்லது. மேலே காய்ந்த இலையோ தேங்காய் நாரோ போட்டு மூடாக்கு இடுங்கள். தட்டளவு பூக்கிற இரகங்களை முதல் ஆண்டில் விட்டுவிட்டு, பந்துப்பூ இரகத்தையும் ஒற்றையடுக்கையும் வைத்துப் பாருங்கள், வெப்பத்தை அவை மேலாகத் தாங்கும். மூன்று நான்கு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். தண்டு பொள்ளல் என்பதால் காற்றில் எளிதாக ஒடியும். நடும்போதே முட்டுக்குச்சியை ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும்.

பூத்து முடிந்து செடி மஞ்சளாகிக் காய்ந்ததும் நீரை நிறுத்தி, தொட்டியோடு நிழலில் வைத்துவிடலாம். அடுத்த பருவத்துக்குப் பிரிக்க எடுக்கும்போது, நட்ட ஒன்று ஐந்தாறாகக் கொத்தாகத் தொங்கும். கையால் பிய்த்தால் கழுத்து ஒடிந்துவிடும். கொத்தைக் கழுவி, கண் தெரிகிற இடத்தை முதலில் அடையாளம் வைத்துக்கொண்டு, பழைய தண்டின் அடியையே கூரான கத்தியால் பிளந்து, ஒவ்வொரு கிழங்கோடும் கண்ணுள்ள ஒரு சீவல் தண்டு வரும்படி வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுவாய் இரண்டு நாள் நிழலில் உலர்ந்த பிறகே மண்ணுக்குப் போகலாம்.